பெனிட்டாவுக்கு நான் எழுதிய திட்டம்

முதலில் தட்டுகளின் ஓசை கேட்கும். எவர்சில்வர் தட்டுகளைச் சத்துணவுக் கூடத்தின் சிமென்ட் மேடையில் அடுக்கடுக்காக இறக்கி வைக்கும் ஓசை. சற்றுப் பின்னால் சாம்பாரின் வாசனை வரும். பிள்ளைகள் கை கழுவக் குழாயடிக்கு ஓடுவார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை எல்லாரும் ஓடிய பிறகும் இரண்டாம் வகுப்பறையில் ஒரு சிறுமி மட்டும் ஜன்னல் கம்பியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு நின்றிருந்தாள்.

எட்டு வயது. பெயர் பெனிட்டா. அவள் எழுப்பிய குரலை அழுகை என்று சொல்ல இயலாது, கண்ணீர் இல்லை. ஒரே சுருதியில் மூச்சு முடியும்வரை நீண்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் நீளும் குரல். இடையிடையே இரண்டே சொற்கள்: “வண்டி வந்துரும். வண்டி வந்துரும்.”

சமையல் உதவியாளர் பவுனு, அவள் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பெனிட்டா குனிந்து பவுனுவின் மணிக்கட்டைக் கடித்தாள்.

“ஐயோ! பாரு டீச்சர், மறுபடியும் கடிச்சிட்சு! போன தபா ஊசி போட்டுக்கப் போனா, நாயா பூனையான்னு கேக்கறாங்க ஆஸ்பத்திரில. ரெண்டாங் கிளாஸ் புள்ளன்னு எப்டி சொல்றது நானு?”

தாய் ரோஸ்லின் வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள். தொழிற்சாலையின் நீல மேல்கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. ஒரு கண் கைபேசியின் மணியில் இருந்தது. யாரையும் பார்க்காமல் உள்ளே வந்து, மகளை இடுப்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு, வந்த வேகத்தில் வெளியேறினாள். தெருமுனை வரையில் அந்தக் குரல் கேட்டது.

நான் குறிப்பேட்டைத் திறந்து மூன்று பத்திகளில் எழுதினேன். முன்நிகழ்வு: மதிய உணவு. நடத்தை: அலறல், கடித்தல். பின்விளைவு: குழந்தை வீட்டுக்கு அழைத்துச் செல்லப்படுகிறாள்.

ஒரு வாசகரின் கேள்வி

இந்தத் தொடரை வாசித்துவரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அண்மையில் கடிதம் எழுதியிருந்தார். “இத்தனை வாரங்களாகக் கலைச்சொற்களைப் பொறுமையாக விளக்கி வருகிறீர்கள். இவற்றில் ஏதேனும் ஒன்றை ஒரு குழந்தையின் மீது நீங்களே தவறாக எழுதியதுண்டா?” என்று கேட்டிருந்தார். அவருக்குத் தனியே பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். முடியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் சிறப்பாசிரியை. ஒரகடத்தைச் சுற்றியுள்ள ஏழு அரசுப் பள்ளிகளுக்கு முறை வைத்துச் செல்வது என் பணி. மறைமலை நகரில் குடியிருந்துகொண்டு, பேருந்திலும் ஷேர் ஆட்டோவிலுமாகப் போய்வருவேன். கார் ஏற்றிய டிரெய்லர்கள் சாலையோரம் வரிசையாக நிற்க, அவற்றின் நிழலில் நடந்து பள்ளி சேர்வேன். பையில் படஅட்டைகள், மரக்கட்டைகள், மணி கோத்த கயிறுகள், ஏராளமான படிவங்கள்.

நான் படித்த பள்ளியில் இத்தகைய படிவங்கள் இல்லை. மக்கு, மரமண்டை என்ற இரண்டு சொற்களே எல்லாருக்கும் போதுமானவையாக இருந்தன. என் வகுப்பில் லலிதா என்றொரு பெண். வாயால் எல்லாக் கணக்கும் சொல்வாள். கரும்பலகையில் எழுதியதை வாசிக்கத் தெரியாது. அவள் வகுப்புக்கு வெளியே வெயிலில் நின்ற நாட்களே அதிகம். ஒரு நாள் நிற்பதற்கும் வரவில்லை. அவளுக்கு இருந்தது கற்றல் குறைபாடு என்று, பயிற்சிக் கல்லூரியில் அந்தப் பாடத்தை வாசித்த பிற்பகலில் அறிந்தேன். சரியான சொல் ஒன்று அன்றே இருந்திருந்தால் லலிதா வெயிலிலிருந்து உள்ளே வந்திருப்பாள் என்ற நம்பிக்கையே என்னை இந்தத் தொழிலில் இருத்தியது. சொற்கள் குழந்தைகளை உள்ளே அழைத்துவரும் என்று நம்பியவள் நான்.

பெனிட்டாவின் கோப்பில் இருந்த சொல், ‘புற உலகச் சிந்தனையற்றவர்’. ஆட்டிசத்துக்கு நம் படிவங்கள் நெடுநாள் வைத்திருந்த பெயர் அது. அந்தச் சொல்லோடு எனக்கு எப்போதும் சிறு மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் அதன் நிழல் நம் பார்வையில் விழாமல் இருப்பதில்லை. வெளியே நடப்பதை இக்குழந்தை கவனிப்பதில்லை என்று நாம் நம்பத் தொடங்கிவிடுகிறோம். அவள் எதைக் கவனித்துக்கொண்டிருந்தாள் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை

நான் வராத நாட்களையும் கேட்டு எழுதியதில், குறிப்பேட்டில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. இரண்டு வாரங்கள் பெனிட்டா மதிய உணவைச் சாதுவாக உண்பாள். முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் தனியே எடுத்து வைப்பாள். மூன்றாம் வாரம் ஐந்து நாட்களும் அலறல். பிறகு மறுபடியும் இரண்டு வாரம் அமைதி.

“அமாவாச கிட்ட வந்தா புள்ளைக்கு ஏறிக்குது டீச்சர்,” என்றாள் பவுனு.

“பாத்தீங்களா, பவுனு உங்களுக்கு முன்னாடி ரிப்போர்ட் எழுதி முடிச்சிட்டா,” என்று தலைமையாசிரியை சிரித்தார். நானும் சிரித்தேன்.

எங்கள் பகுதியில் மூன்று வாரக் கணக்கை அறியாதவர் கிடையாது. காலை ஷிஃப்ட் ஒரு வாரம், மதிய ஷிஃப்ட் ஒரு வாரம், இரவு ஷிஃப்ட் ஒரு வாரம். பால்காரரிலிருந்து சீட்டு நடத்தும் அம்மா வரை அந்தக் கணக்கில்தான் வாழ்கிறார்கள். எங்கள் தெருவில் நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்ப்பவர்கள்கூட, மாப்பிள்ளைக்கு அந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று கேட்ட பிறகே பஞ்சாங்கத்தைத் திறப்பார்கள். இவ்வளவும் தெரிந்த நான், பள்ளி வாசலுக்குள் நுழைந்ததும் அதை மறந்துபோனேன். குறிப்பேட்டை நிமிர்த்தியும் கவிழ்த்தும் பார்த்துவிட்டு, ‘காரணம் தெளிவில்லை, சுழற்சி முறையில் வருகிறது’ என்று எழுதினேன்.

எங்கள் பாடநூல் ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லும்: இந்த நடத்தையால் குழந்தைக்குக் கிடைப்பது என்ன? பெனிட்டா அலறினாள், உடனே வீடு கிடைத்தது. ஆகவே வீட்டுக்குப் போகவே அலறுகிறாள். உணவுக்கூடத்தின் இரைச்சலை அவளால் தாங்க முடியவில்லை. கணக்கு மீதமின்றி வகுபட்டது.

‘வண்டி வந்துரும்’ என்பதை எதிரொலிப் பேச்சு என்று குறித்தேன். எங்கோ கேட்டதைப் பொருளின்றித் திருப்பிச் சொல்லுதல். வண்டிகளில் அவளுக்கு நாட்டம் என்றும் எழுதினேன். சுங்குவார்சத்திரத்தில் ஒரு பொம்மைப் பேருந்து வாங்கி, அமைதியாக இருந்தால் பரிசு என்று அவள் முன் வைத்தேன். அவள் அதை எடுத்துச் சுவரில் எறிந்தாள். ‘பரிசுப் பொருள் மாற்றப்பட வேண்டும்’ என்று அதையும் எழுதிக்கொண்டேன்.

கையெழுத்து

மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் இருவர் புகார் கொடுத்த பிறகு, தலைமையாசிரியையின் அறையில் கூடினோம். பெனிட்டாவுக்கான தனிநபர் கல்வித் திட்டத்தை நானே எழுதி வைத்திருந்தேன். பரிந்துரை: இல்லம் சார்ந்த கல்வி. பள்ளிக்கு வர இயலாத குழந்தைக்குச் சிறப்பாசிரியை வாரம் ஒரு முறை வீடு தேடிச் சென்று கற்பிக்கும் ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான், அதனால் எழுந்து உட்கார்ந்த குழந்தைகளை நான் அறிவேன். ‘இரைச்சலற்ற சூழல் குழந்தைக்கும், பிற குழந்தைகளின் பாதுகாப்புக்கும் உகந்தது’ என்று காரணம் எழுதியிருந்தேன்.

ரோஸ்லின் நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்தாள். கணவர் டிரெய்லர் ஓட்டுநர். தூத்துக்குடிப் பக்கம் போனவர் திரும்பி வரவில்லை என்று முன்பே சொல்லியிருந்தாள். நான் விளக்கியதை முழுவதும் கேட்டாள்.

“முழு நாளும் வூட்லயா டீச்சர்?”

“ஆமாம்மா. அவளுக்கு நிம்மதியா இருக்கும். நான் வாராவாரம் வர்றேன்.”

“ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரத்துலயும்?”

“எல்லா வாரமும்தான்.”

அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் படிவத்தைப் பார்த்தாள். வாசிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு கையெழுத்திட்டாள். வேலை நேரத்தை மாற்றிக்கொள்வதில் ஏதோ சிரமம்போலும் என்று எண்ணி, “கொஞ்ச நாள்ல பழகிடும்” என்று ஆறுதல் சொன்னேன்.

கதவுக்கு அப்பால்

முதல் வருகையை ஒரு வியாழன் மாலை மூன்றரைக்கு என்று ரோஸ்லின் கேட்டிருந்தாள். அன்று நான் போகவேண்டிய பள்ளிக்கு எதிர்பாராத விடுமுறை. காலை பதினொரு மணிக்கே அவள் வீட்டுக்குப் போய்விட்டேன்.

நெடுஞ்சாலையிலிருந்து நூறு அடி உள்ளே, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வரிசை வீடுகள். முன்பக்கம் காஞ்சனாவின் டிபன் கடை. காஞ்சனா ரோஸ்லினுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. காலை வேளைகளில் பெனிட்டாவைப் பள்ளியில் கொண்டுவந்து விட்டவளும் அவளே. என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வழியில் வந்து நின்றாள்.

“இன்னா டீச்சர், மூணுக்கு மேல வருவேன்னுச்சி ரோசி. இப்பவே வந்துட்டே?”

“பெனிட்டா இருக்காளா?”

“கீது. தூங்குது.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். உள்ளிருந்து தொலைக்காட்சியின் ஒலி கேட்டது. “டீச்சர், ரோசி கெட்டவ இல்ல. அத மொதல்ல மனசுல வெச்சிக்க. அப்பறம் கதவத் தொற.”

அறையின் நடுவில் பெனிட்டா உட்கார்ந்திருந்தாள். இடுப்பைச் சுற்றி ஒரு துணி. பழைய பருத்திச் சேலையை மூன்றாக மடித்து, நெருக்கமாகக் கையால் தைத்தது. தோலில் உறுத்தாமலிருக்க இடுப்புப் பகுதியில் துவாலை வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. மறுமுனை ஜன்னல் கம்பியில் உயரத்தில் முடியப்பட்டிருந்தது. பக்கத்தில் தயிர்சாதம், மூடி திறந்த தண்ணீர்ப் பாட்டில். கழிவறைக்குப் போகத் துணியின் நீளம் போதும். கேஸ் அடுப்புக்கு ஒரு முழம் போதாது. கதவுக்கு இரண்டு முழம் போதாது. அளந்து தைத்திருந்தாள்.

பெனிட்டா என்னைப் பார்த்தாள். எழுந்து துணியின் எல்லைவரை வந்து, என் சேலைத் தலைப்பை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். பிறகு அந்தக் குரல் எழுந்தது.

அந்தப் பிடி எனக்குத் தெரிந்த பிடி. பள்ளி ஜன்னலில் அவள் கைகள் இருந்த அதே விதம். அங்கே அவள் எதையும் விட்டு ஓட முயலவில்லை. பள்ளியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். என் மூன்று பத்திகளில் இருந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவற்றை நான் படித்த திசைதான் தவறு. அவள் விரும்பிக் கேட்டது என்று நான் எழுதியது, அவள் அஞ்சியது.

ரோஸ்லின் சொன்னது

முடிச்சை அவிழ்த்து, கதவைத் தாழிட்டு, அவளோடு தரையில் அமர்ந்திருந்தேன். மூன்று மணிக்கு ரோஸ்லின் வந்தாள். என்னையும், மடியில் கிடந்த மகளையும் கண்டவுடன் அவள் முதலில் பார்த்தது கதவின் தாழ்ப்பாளை.

“அவுத்துட்டீங்களா,” என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை.

மேல்கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் பேசினாள்.

“நாலு வயசுல ஒரு தபா ரோட்டுக்குப் போயிடுச்சி டீச்சர். நான் துணி தொவைச்சிக்கினு இருந்தேன். கன்டெய்னர் வண்டி. பிரேக் போட்ட சத்தத்துல இந்தத் தெருவே ஓடியாந்திச்சி. இதுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு சாண் கூட இல்ல. அந்த டிரைவரு எறங்கி வந்து என் கால்ல வுழுந்து அழுவுறான். நான் அவன் கால்ல வுழுறேன். அன்னிக்கித் தச்சது இந்தத் துணி. இது வளர வளர ஒட்டுப் போட்டுக்கினு வரேன்.”

“பள்ளிக்கூடம் போனப்ப?”

“ஸ்கூல்ல இருக்கறப்ப கட்டு கெடையாதே. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுல அது எந்திரிக்கறதுக்குள்ள நான் போயிடுவேன், ஸ்கூல் வுடறதுக்குள்ள வந்துருவேன். நைட்டு ஷிஃப்ட்டுல பகல்ல நான் கீறேன். செகண்ட் ஷிஃப்ட்டு தான் சனியன். ஒன்னேகாலுக்கு கம்பெனி பஸ்ஸு. சோத்து நேரத்துல இட்டுக்கினு வந்து கட்டிட்டு ஓடுவேன். கட்டறப்ப, ‘இருடி கண்ணு, வண்டி வந்துரும், வண்டி வந்துரும்’னு சொல்லிக்கினே கட்டுவேன். வேற இன்னாத்த சொல்றது அதுங்கிட்ட?”

மதிய ஷிஃப்ட் வாரத்தில் மட்டுமே தாய் நீல மேல்கோட்டோடு பள்ளி வாசலில் நிற்பாள். புற உலகச் சிந்தனையற்றவள் என்று நாங்கள் எழுதிவைத்த குழந்தை அந்தக் கோட்டைப் படித்திருந்தாள்.

“அன்னிக்கே என்கிட்ட ஏம்மா சொல்லல?”

“நீங்க படிச்சவங்க, எழுதியே எடுத்தாந்துட்டீங்க. கட்டிப் போடறேன்னு சொன்னா கேசு ஆவும், புள்ளைய ஹோமுல போட்டுருவாங்கன்னு காஞ்சனாக்கா சொல்லிச்சி. இப்ப சொல்லிட்டேன். கேசு குடுக்கப் போறீங்களா?”

குழந்தை கட்டப்பட்டிருப்பதை அறிந்தால் தெரிவிக்க வேண்டியது என் கடமை. நான் தெரிவிக்கவில்லை. அதைச் சரி என்று வாதாட இந்த அத்தியாயத்தை எழுதவில்லை. இவ்வளவு சொன்னால் போதும்: மூன்று வாரத்தில் ஒரு வாரமாக இருந்த கட்டு, என் திட்டத்துக்குப் பிறகு மூன்று வாரமும் ஆகியிருந்தது. காலை ஷிஃப்ட்டில் விடியலிலிருந்து பிற்பகல் வரை. இரவு ஷிஃப்ட் முடிந்து பகலில் உறங்கும்போது, துணியின் மறுமுனையைத் தன் கணுக்காலில் முடிந்துகொண்டு ரோஸ்லின் உறங்கினாள்.

முகாம்

அவளைப் பள்ளிக்குத் திரும்பக் கொண்டுவருவது ஒன்றே என் வேலை என்றாயிற்று. ‘என் மதிப்பீடு தவறானது’ என்று கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு வட்டார அலுவலகம் போனேன்.

அங்கிருந்த அலுவலர் நல்ல மனிதர்தான். கடிதத்தை இருமுறை வாசித்தார். “தப்புன்னு எழுதாதீங்க டீச்சர். அப்பறம் உங்க பிள்ளைங்க எல்லாரோட ஃபைலையும் திரும்ப எடுக்கணும். ‘முன்னேற்றம்’னு எழுதுங்க. அடுத்த மதிப்பீட்டு முகாம்ல குழு பாத்து, திருப்தியா இருந்தா பள்ளிக்கு மாத்திடலாம்.”

தலைமையாசிரியை என் திட்டத்தின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். “பிற குழந்தைகளின் பாதுகாப்புன்னு எழுதினது நானா? உங்க கையெழுத்துதானே? நான் எந்த அம்மாவுக்குப் பதில் சொல்றது?”

அடுத்த முகாம் ஐந்து மாதம் கழித்து வந்தது. அந்த ஐந்து மாதமும் வாராவாரம் போனேன். படஅட்டைகளைக் காட்டினேன், மணிகளைக் கோக்கச் செய்தேன். முதல் மாதத்தில் நான் கிளம்பும்போதெல்லாம் அவள் தலைப்பைப் பற்றினாள், குரல் எழுப்பினாள். இரண்டாம் மாதத்தில் பற்றினாள், குரல் இல்லை. அதன் பிறகு, நான் எழுந்தால் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டாள். ‘வண்டி வந்துரும்’ எப்போது நின்றது என்று என் குறிப்பேட்டில் இல்லை. நின்றதை எழுதப் பத்தி கிடையாது.

முகாம் அவள் பள்ளியிலேயே நடந்தது. மதிப்பீட்டுக் குழுவினர் இருவர். அது மதிய ஷிஃப்ட் வாரம். பெனிட்டா தன் பழைய இடத்தில் அமர்ந்து, சொன்ன மணியை எடுத்தாள், சொன்ன கட்டையை வைத்தாள். தட்டுகள் இறங்கின. பிள்ளைகள் ஓடினார்கள். நீல மேல்கோட்டில் ரோஸ்லின் வாசலில் வந்து நின்றாள்.

அந்தக் குரலுக்காக நான் காத்திருந்தேன். இப்போது எழுந்தால் குழு அவளை நிராகரிக்கும் என்று தெரிந்தும் காத்திருந்தேன்.

பெனிட்டா தாயைப் பார்த்தாள். எழுந்தாள். தானே நடந்து போய் அவள் அருகில் நின்றாள்.

“கடிக்கல, கத்தல. எதிரொலிப் பேச்சும் சுத்தமா இல்ல,” என்றார் குழுவில் மூத்தவர். “நல்லா உழைச்சிருக்கீங்க டீச்சர். மத்தவங்களுக்கு எடுத்துக்காட்டா சொல்லலாம்.”

தலைமையாசிரியையின் முகம் மலர்ந்தது. பவுனு மட்டும் கரண்டியோடு வாசலில் நின்று குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா டீச்சர் புள்ள இப்டி ஆயிடுச்சி? கடிக்கக் கூட காணோமே.”

படிவத்தில் ‘முன்னேற்றம்’ என்ற கட்டத்தில் குறியிட்டு நான் கையெழுத்திட்டேன். பெனிட்டா பள்ளிக்குத் திரும்பினாள்.

நான்கு மணி

இம்முறை முழு நாளும் பள்ளி. மதிய ஷிஃப்ட் வாரத்தில் நான்கு மணிக்கு அவளை அழைத்துப் போவது யார் என்பதே எஞ்சிய சிக்கல். ரோஸ்லின் அப்போது தொழிற்சாலை லைனில் இருப்பாள். காஞ்சனாவுக்குக் கடையில் ஷிஃப்ட் முடிந்து வருபவர்களின் கூட்டம். எட்டு மணிக்குக் கடை கட்டிய பிறகுதான் குழந்தையோடு வந்து உட்கார அவளால் முடியும். நான் அழைத்துப் போகிறேன் என்றேன். அந்த வாரங்களில் என் சுற்று அந்தப் பள்ளியில் முடியும்படி மாற்றிக்கொண்டேன்.

முதல் நாள் அவள் கையைப் பற்றி நடத்திக்கொண்டு போனேன். பால் காய்ச்சிக் கொடுத்தேன். மணி கோத்தோம். ஐந்தரை ஆயிற்று. என் வீட்டில் மாமியார் எழ முடியாமல் படுத்திருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஆறரைக்குக் கிளம்பிவிடுவாள். இங்கோ எட்டு மணிவரை யாரும் இல்லை. தாழ்ப்பாளை உள்ளிருந்து நீக்கப் பெனிட்டா எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டாள். வெளியே பூட்டிவிட்டுப் போகலாம் என்று எண்ணினேன். உள்ளே கேஸ் அடுப்பு இருந்தது.

நான் கொடியிலிருந்து அந்தத் துணியை எடுத்தேன். என்ன செய்வாளோ என்று பயந்து, அதைப் பின்னால் மறைத்தபடியே அவள் அருகில் போனேன்.

பெனிட்டா அதைப் பார்த்துவிட்டாள். எழுந்து நின்று, கவுன் மாட்டிவிட நிற்கும் குழந்தையைப் போல, எனக்கு வசதியாக இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

நான் கட்டினேன். இடுப்பில் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தேன். மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்துகொண்டிருந்தபோது, கடையிலிருந்து எட்டிப் பார்த்த காஞ்சனா குரல் கொடுத்தாள்.

“இன்னும் மேல போடு டீச்சர். அங்க போட்டா அவுத்துடும்.”

நான் முடிச்சை அவிழ்த்து, மேல் கம்பியில் மறுபடியும் போட்டேன்.